எந்தப் பெயரில் ஓட்டுகிறீர்கள்?

கல்யாணம், விவாகரத்து, எண் கணிதம், இனிஷியல் என்று பெயர் மாறப் பல காரணங்கள். ஓட்டுநர் உரிமத்தில் அதைத் திருத்த மத்திய விதி சொல்லும் கட்டணம் 200 ரூபாய்தான். திருத்தாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு வர வேண்டிய 15 லட்சம் ரூபாய் இழுபறியில் சிக்கலாம்.

சாதாரண இந்தியர் ஒருவரின் பர்ஸைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் மூன்று பேர் இருப்பார்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி எழுதப்பட்ட வாக்காளர் அட்டையில் ஒருவர். தகப்பனார் பெயரை நீட்டி எழுதிய பான் அட்டையில் இன்னொருவர். இருபது வருடங்களுக்கு முன்பு வட்டாரப் போக்குவரத்து அலுவலக குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதிக்கொடுத்த ஓட்டுநர் உரிமத்தில் மூன்றாமவர். மூவருக்கும் முகம் ஒன்றுதான், பெயர்தான் வேறு வேறு.

காகிதக் காலத்தில் இது பெரிய விஷயமாக இல்லை. போக்குவரத்துக் காவலர் உரிமத்தில் ஒட்டியிருக்கும் புகைப்படத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், போகச் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டருக்கு அந்த முகதாட்சண்யம் கிடையாது. எஸ். கார்த்திகேயனும் கார்த்திகேயன் சுப்பிரமணியமும் ஒரே ஆள் என்பது பெற்றவளுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர். 2018 ஆகஸ்டில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம், டிஜிலாக்கரில் காட்டப்படும் உரிமத்தை அசலுக்குச் சமமாக ஏற்கும்படி மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் ஆதாரில் ஒரு பெயரும் உரிமத்தில் இன்னொரு பெயரும் இருந்தால், உரிமம் டிஜிலாக்கருக்குள் வர மறுக்கிறது. காவலர் மன்னித்துவிடக்கூடிய எழுத்துப் பிழையை இயந்திரம் மன்னிப்பதில்லை.

15 லட்சம் சிக்கும் இடம்

வண்டியைக் காவலர் நிறுத்துவதெல்லாம் சின்னத் தொல்லை. பெரிய தொல்லை விபத்துக்குப் பிறகு வருகிறது.

இந்தியாவில் வாகன உரிமையாளரே ஓட்டுநராக இருந்து விபத்தில் இறந்தால் அவர் குடும்பத்துக்குப் பணம் கிடைக்க ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. முன்பு இரு சக்கர வாகனத்துக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம் என்று இருந்த இந்தத் தொகையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018ல் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இந்தப் பணம் கிடைக்க மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும். இறந்தவர் பதிவுச் சான்றிதழில் உள்ள உரிமையாளராக இருக்க வேண்டும். பாலிசியில் அவர் பெயர் இருக்க வேண்டும். விபத்து நடந்த அன்று அவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருந்திருக்க வேண்டும்.

இனி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். கல்லூரி நாட்களில் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு உரிமம் எடுத்த பெண். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டு வாங்கிய ஸ்கூட்டர். ஷோரூமில் அவசரத்தில் வேறு எழுத்துக்கோர்வையில் போடப்பட்ட பாலிசி. நல்ல நாளில் இந்த மூன்று காகிதங்களையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. கெட்ட நாளில், அவர் இல்லாத வீட்டில், இந்த மூன்று பெயர்களும் ஒரே பெண்ணுடையவை என்று நிரூபிக்கும் பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழுகிறது.

பெயர் வேறாக இருப்பதாலேயே உரிமம் செல்லாததாகிவிடாது. உரிமம் வழங்கப்பட்டது ஆளுக்குத்தான். 'இந்த இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன' என்று நோட்டரி முன்பு கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் பல இடங்களில் காரியத்தை முடித்துவிடும். ஆனால் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

பெயர் ஏன் மாறுகிறது?

கல்யாணத்துக்குப் பிறகு மனைவி கணவன் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுக்காகத் திருமணமான பெண்கள் பெயரை மாற்ற வேண்டியதில்லை என்று 2017 ஏப்ரலில் பிரதமரே அறிவித்தார். ஆனாலும் வழக்கம் சட்டத்தைவிட வலுவானது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தன் பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் என்பது மரபு. மணமானதும் நடுப் பெயர், கடைசிப் பெயர் இரண்டுமே மாறிவிடும். மிச்சம் இருப்பது முதல் பெயர் மட்டும்தான். சில வீடுகளில் அதையும் மாற்றிவிடுவார்கள். 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் பெயரில் தாயின் பெயரும் வர வேண்டும் என்று மகாராஷ்டிர அரசு முடிவு செய்தது. அந்தக் குழந்தைகள் 18 வயதில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது பெயர்க் கட்டம் நான்கு சொற்களைத் தாங்க வேண்டியிருக்கும்.

போகும் வழியைவிடத் திரும்பி வரும் வழி கடினம். விவாகரத்துக்குப் பிறகோ, வெறுமனே விருப்பத்தாலோ பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்ப நினைக்கும் பெண், மத்திய அரசிதழில் அதை வெளியிட விவாகரத்துத் தீர்ப்பையோ கணவரின் ஆட்சேபமில்லைக் கடிதத்தையோ தர வேண்டும் என்ற நிபந்தனை 2024ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளானது. போட்டுக்கொள்ளும்போது யாருடைய அனுமதியும் கேட்கப்படாத பெயரைக் கழற்றுவதற்கு மட்டும் அனுமதிக் கடிதம் எதற்கு என்பதுதான் அந்த வழக்கு எழுப்பிய கேள்வி.

திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் இது இன்னும் கூர்மையான பிரச்னை. உரிமத்தில் உள்ள பெயர் ஒன்று, எதிரே நிற்பவர் தோற்றம் ஒன்று என்றால் ஒவ்வொரு சோதனைச் சாவடியும் ஓர் அவமானம். சுயமாக உணரும் பாலினத்தை அரசு அங்கீகரிக்க வேண்டும் என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ல் நிறைவேறிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழின் அடிப்படையில் பிற ஆவணங்களில் பெயரைத் திருத்த வழி செய்தது.

மதம் மாறியவர்கள், தத்து எடுக்கப்பட்டவர்கள், சாதிப் பெயரைத் துறந்தவர்கள் என்று வரிசை நீளுகிறது. எண் கணிதக்காரர் சொன்னார் என்று ஆங்கில எழுத்துக்கோர்வையில் ஓர் 'ஏ'யும் ஓர் 'எச்'சும் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அதிர்ஷ்டம் வருகிறதோ இல்லையோ, ஐந்து அலுவலகங்களுக்கு அலையும் வேலை நிச்சயமாக வருகிறது.

இனிஷியல் என்னும் தலைவலி

பெயரையே மாற்றாமல் பெயர் மாறிப்போனவர்கள் என்றால் அவர்கள் தமிழர்கள்தான்.

1929ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. அடுத்தடுத்த தலைமுறைகளில் பட்டங்கள் உதிர்ந்தன. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தும் தன் பெயரும் மட்டும் நின்றன. சென்னையிலும் மதுரையிலும் இது போதும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்ட விண்ணப்பத்துக்கு இது போதவில்லை. பான் அட்டை விண்ணப்பத்தில் அந்தக் கட்டங்களில் இனிஷியலை மட்டும் எழுத முடியாது. விளைவு, கடைசிப் பெயர்க் கட்டத்தில் அப்பா குடியேறுகிறார். டெல்லியில் வேலை பார்க்கும் கார்த்திகேயனை வங்கி 'மிஸ்டர் சுப்பிரமணியம்' என்று அழைக்கிறது. அது அவர் அப்பாவைக் கூப்பிடுவது போல் இருக்கிறது.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயர் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தபோது இந்தத் தலைவலி விமான நிலையம் வரை போனது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். பயணத்துக்காகப் பலர் பாஸ்போர்ட்டில் பெயரை நீட்டிக்கொள்கிறார்கள். ஓட்டுநர் உரிமத்தை அப்போது யாரும் நினைப்பதில்லை. வெளிநாட்டில் கார் ஓட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதி கேட்கப் போகும்போதுதான் நினைவு வருகிறது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் 1,000 ரூபாய் கட்டணத்தில் ஓராண்டுக்குத் தரப்படும் அந்த அனுமதிக்குப் பாஸ்போர்ட்டையும் உரிமத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும். இரண்டிலும் இரண்டு பேர்.

எழுத்துக்கோர்வை இன்னொரு பக்கம். தெற்கே லதா என்றால் ஆங்கிலத்தில் 'டி'க்குப் பின் 'எச்' வரும், வடக்கே வராது. லட்சுமிக்கு 'எக்ஸ்' எழுத்தோடு ஒரு வடிவம், 'கே.எஸ்.எச்.' போட்டு ஒரு வடிவம். எழிலரசியும் கனிமொழியும் 'இசட் எச்' போட்டால் ஒருவர், 'எல்' போட்டால் வேறொருவர். மும்பையிலோ போபாலிலோ கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவர் தான் கேட்ட ஒலியைத் தன் பழக்கப்படி தட்டச்சு செய்துவிடுகிறார். உரிமம் இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 13வது பிரிவு. அதில் உள்ள பெயர்தான் மாநில எல்லை தாண்டினால் தடுமாறுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் அத்தனை கொடுமையானதல்ல. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 49வது பிரிவு, வாகன உரிமையாளரின் முகவரி மாறினால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. ஓட்டுநர் உரிமத்தில் பெயரை இத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும் என்று அந்தச் சட்டம் கெடு வைக்கவில்லை. மாற்ற விரும்பினால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 2016 டிசம்பரில் திருத்தப்பட்ட பட்டியலில், கட்டணம் 200 ரூபாய். அட்டைக்கும் சேவைக்கும் மாநிலங்கள் தனியே சிறிது வசூலிக்கின்றன.

மீண்டும் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. உரிம எண்ணும் மாறாது. மாநில எழுத்துகள், அலுவலக எண், வழங்கிய ஆண்டு, ஏழு இலக்க வரிசை எண் என்று அமைந்த அந்த எண்தான் ஓட்டுநரின் நிரந்தர அடையாளம். பெயர் மட்டும் புதிதாக அச்சாகும்.

நீதிமன்றமும் விண்ணப்பதாரர் பக்கம்தான். சி.பி.எஸ்.இ. சான்றிதழ்களில் பெயர் மாற்றம் பற்றிய வழக்கில் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, பெயர் என்பது ஒருவருடைய அடையாளத்தின் உள்ளார்ந்த அம்சம் என்றும், அதைத் தீர்மானிப்பது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட கருத்துரிமையின் பகுதி என்றும் கூறியது.

பிறகு சிக்கல் எங்கே? ஆதாரில் மாற்றிவிட்டு வரச் சொல்கிறது ஓர் அலுவலகம். அங்கே போனால் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்குப் போனால் புதுப் பெயரில் வேறு இரண்டு அடையாள அட்டைகள் வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு கதவும் இன்னொரு கதவின் சாவியைக் கேட்கிறது. பெயரை மாற்றுவது ஒருவரின் உரிமை. ஆனால் எதை முதலில் மாற்றுவது என்பது தெரியாதவருக்கு அந்த உரிமையால் பயனில்லை.

எது முதலில்?

முதல் வேலை வீட்டு மேஜையில் நடக்க வேண்டும். இனி எல்லா அட்டைகளிலும் வரப்போகும் பெயரை, ஆங்கில எழுத்துக்கோர்வை, இடைவெளி, புள்ளி உட்பட, ஒரு தாளில் எழுதி முடிவு செய்துவிட வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம் என்பதால் பிறகு மனம் மாறுவது ஆபத்து.

இரண்டாவது, மூல ஆதாரம். கல்யாணத்தால் வந்த மாற்றத்துக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழும் பிரமாணப் பத்திரமும் பொதுவாகப் போதும். எழுத்துப் பிழை என்றால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட். முற்றிலும் புதுப் பெயர் என்றால் அரசிதழ்தான் வழி. பிரமாணப் பத்திரம், பத்திரிகை விளம்பரம், பிறகு அரசிதழ் அறிவிப்பு என்று மூன்று படிகள். மாநில அரசிதழ்கள் தனியே உண்டு. இந்திய அரசிதழில் இது நான்காம் பகுதியில் வருகிறது. 2015 அக்டோபர் முதல் இந்திய அரசிதழ் அச்சாவதில்லை, இணையத்தில் மட்டுமே வெளியாகிறது. எனவே அந்தப் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதன் பல பிரதிகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் அலைச்சல் குறையும்.

மூன்றாவது ஆதார், அடுத்தது பான். உரிமம் அதற்குப் பிறகுதான். காரணம், போக்குவரத்துத் துறையின் நேரில் வராத சேவைகள் ஆதார் சரிபார்ப்பில் ஓடுகின்றன. 2021 மார்ச்சில் இப்படி 18 சேவைகள் அறிவிக்கப்பட்டபோது உரிமத்தில் முகவரி மாற்றம் அந்தப் பட்டியலில் இருந்தது, பெயர் மாற்றம் இல்லை. 2022 செப்டம்பரில் பட்டியல் 58 சேவைகளாக விரிந்தது. ஆனாலும் பெயர் விஷயத்தில் அசல் ஆவணங்களோடு நேரில் வரச் சொல்லும் வழக்கம் போய்விடவில்லை. ஆதார் இல்லாதவர்கள் வேறு அடையாளச் சான்றுகளோடு நேரில் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பம் 'பரிவாகன்' இணையதளத்தின் 'சாரதி' பிரிவில் தொடங்குகிறது. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, உரிம எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் பதிவேட்டில் உள்ள விவரம் திரையில் வரும். வராவிட்டால் பழைய கையெழுத்து உரிமம் இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்று பொருள். உரிமம் வழங்கிய அலுவலகத்தில் அதை ஏற்றிய பிறகுதான் மற்ற வேலை. விவரம் வந்தால், சேவைகளின் பட்டியலில் பெயர் மாற்றத்தைக் குறியிட்டு, சான்றுகளை ஏற்றி, கட்டணம் செலுத்தி, ஒப்புகைச் சீட்டை அச்செடுத்துக்கொள்ள வேண்டும். அலுவலகம் வரச் சொன்னால் பழைய உரிமத்தையும் அசல் சான்றுகளையும் எடுத்துப் போக வேண்டும்.

ஒரே விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சேவைகளைக் குறியிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உரிமம் காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். புதுப்பிக்கும் தருணம் நெருங்கியவர்கள் பெயர், முகவரி, புதுப்பித்தல் மூன்றையும் ஒரே நடையில் முடித்துவிடலாம். கட்டணம் மட்டும் தனித்தனி.

உரிமம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வாகனப் பதிவுச் சான்றிதழ் வேறு ஆவணம், அதற்குத் தனி விண்ணப்பம். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பாலிசியிலும் பெயரைத் திருத்திக்கொள்ள வேண்டும். 15 லட்சம் சிக்கும் இடம் இந்த மூன்றுக்கும் நடுவில்தான்.

குறுக்கு வழிகள்

பழைய உரிமத்தை மறந்துவிட்டுப் புதுப் பெயரில் புதிதாகப் பழகுநர் உரிமம் எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டுநர் உரிமங்கள் வைத்திருப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 6வது பிரிவு தடுக்கிறது. உண்மையை மறைத்துப் பெற்ற உரிமத்தை ரத்து செய்ய 19வது பிரிவு அதிகாரம் தருகிறது. லாரியோ டாக்ஸியோ ஓட்டிப் பிழைப்பவருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. வேலை கேட்கப் போகும் இடத்தில் அவருடைய அனுபவத்துக்குச் சாட்சி உரிமத்தில் உள்ள பழைய தேதிதான். புது உரிமம் அவரை நேற்றுப் பழகிய ஓட்டுநராக்கிவிடும்.

அலுவலக வாசலில் மர நிழலில் மேஜை போட்டிருக்கும் ஏஜென்ட் இன்னொரு குறுக்கு வழி. படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு அவர் உதவுவது உண்மை. ஆனால் 200 ரூபாய் வேலை அங்கே பல மடங்காகிவிடுகிறது. பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வதும் அவர்தான். ஒரு பிழையைத் திருத்தப் போய் இன்னொரு பிழையோடு திரும்புவது இப்படித்தான் நடக்கிறது.

2019 அக்டோபர் முதல் நாடு முழுவதும் உரிமங்களுக்கு ஒரே வடிவம் என்று விதி வந்தது. அட்டையின் நிறமும், க்யூ.ஆர். குறியும், எந்த விவரம் எங்கே என்பதும் ஒன்றாகின. மக்களின் பெயர்களை ஒரே வடிவத்துக்குள் கொண்டுவர எந்த விதியாலும் முடியாது, முடியவும் கூடாது. தகப்பனார் பெயரை முன்னால் வைப்பவர்களும் நடுவில் வைப்பவர்களும் வைக்கவே வைக்காதவர்களும் வாழும் நாட்டில் மாற வேண்டியது படிவம்தான். ஓர் அலுவலகம் சரிபார்த்து ஏற்ற பெயர் மாற்றத்தை மற்ற அலுவலகங்களும் அப்படியே ஏற்றுக்கொண்டால் அலைச்சலில் பெரும் பகுதி மறைந்துவிடும். ஆதார் முதல் உரிமம் வரை எல்லாமே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. ஒன்றோடொன்று பேசுவதில்தான் தயக்கம்.

அந்தத் தயக்கம் தீரும்வரை, 'சமர்ப்பி' பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையில் உள்ள தன் பெயரை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது. அட்டை அச்சான பிறகு ஒரே ஓர் 'எச்'சை எடுக்கவும் இன்னொரு 200 ரூபாய், இன்னொரு நடை.